முதல் பரிசோதனை கணவருக்கு

கல்யாணமாகி நான்கு மாதம் ஆவதற்குள் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கேள்வி மருமகளை நோக்கித்தான் வரும். ஒரு வருடம் கழிந்தால் டாக்டரிடம் அழைத்துப் போவதும் அவளைத்தான். கூட வருவது மாமியார், இல்லாவிட்டால் அம்மா. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே, சில இடங்களில் லேப்ராஸ்கோப்பி என்று எல்லாம் முடிந்த பிறகுதான் "உங்க வீட்டுக்காரரையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்ற பேச்சே வருகிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்கும் விந்துப் பரிசோதனை, மேலே சொன்ன எல்லாவற்றையும்விட மலிவானது, ஊசிகூடக் குத்தாதது. அதைக் கடைசிக்குத் தள்ளுவதால் கரைவது பெண்ணின் வயது. இந்தச் சிகிச்சையில் எதை வேண்டுமானாலும் ஈடுகட்டலாம், போன வயதை ஈடுகட்ட முடியாது.

முதலில், எப்போது கவலைப்பட வேண்டும்? எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்குக்கூட ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20 முதல் 25 தான். ஆறு மாதம் நிற்கவில்லை என்றால் அது நோய் இல்லை. தடுப்பு எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழும் தம்பதிகளில் நூற்றுக்கு 85 பேர் ஒரு வருடத்துக்குள் கருத்தரித்துவிடுகிறார்கள். அதனால்தான் 12 மாதம் முயன்றும் நிற்காதபோது அதைக் குழந்தையின்மை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும், டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள், முன்பு காசநோய் வந்தவர்கள், வயிற்றில் சினைப்பைக்கோ கர்ப்பப்பைக்கோ ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுத்தவர்கள் அந்த ஆறு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஆண்களில், வயதுக்கு வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்து விதைப்பையும் வீங்கியவர்களுக்கும், சிறுவயதில் விதைப்பை இறங்காமல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் இதே பேச்சுதான்.

இந்த ஒரு வருடக் கணக்கில் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. கணவர் துபாயிலோ குவைத்திலோ வேலை பார்க்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருகிறார். கல்யாணமாகி ஐந்து வருடம் என்று ஊர் கணக்குப் போடுகிறது. அவர்கள் சேர்ந்து இருந்ததோ மொத்தம் நான்கு மாதம் இருக்கலாம். பெங்களூரில் இருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறவர்களின் நிலையும் இதுவே. இவர்களுக்குக் குறை இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் முயற்சியே நடக்கவில்லை. டாக்டரிடம் போகும்போது கல்யாணத் தேதியைச் சொல்வதைவிட, சேர்ந்து வாழ்ந்த மாதங்களைச் சொல்லுங்கள்.

நாள் கணக்கிலும் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. "14-ம் நாள்" என்பதை எல்லாரும் மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொள்கிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறவருக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு. கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். 35 நாள் சுற்று உள்ளவருக்கு அது 21-ம் நாள் வாக்கில் வரும். வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாங்கும். எனவே முட்டை வெளிவருவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்தான் பலனுள்ள நாட்கள். முட்டை வந்தபின் முயல்வது பெரும்பாலும் தாமதம். தேதி பார்த்துப் பதற்றப்படுவதைவிட, மாதவிலக்கு நின்ற பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருப்பது போதும், கணக்கு தானாக உள்ளே வந்துவிடும்.

அந்த ஒரு ரிப்போர்ட்

விந்துப் பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை இடைவெளி விட வேண்டும். அதற்கு மேல் விட்டால் எண்ணிக்கை கூடலாம், ஓட்டம் குறைந்துவிடும். மாதிரியை லேபிலேயே கொடுப்பது நல்லது. கூச்சமாக இருந்தால் வீட்டில் எடுத்துச் சட்டைக்குள் வைத்து, உடம்புச் சூட்டிலேயே ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சாதாரண ஆணுறையில் பிடித்து வரக் கூடாது, அதில் இருக்கும் பூச்சு விந்தணுவைக் கெடுக்கும். முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது சிந்திவிட்டால் லேபில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் எண்ணிக்கை குறைவு என்று ரிப்போர்ட் வரும், பிறகு அதற்கு மருந்தும் வரும்.

ரிப்போர்ட்டில் நான்கு எண்களைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் விந்தணு, அவற்றில் நூற்றுக்கு 42 அசைய வேண்டும், நூற்றுக்கு 4 சரியான வடிவத்தில் இருக்க வேண்டும். கடைசி எண்ணைப் பார்த்து அரண்டுபோகிறவர்கள் பலர். "96 சதவீதம் குறையுள்ள விந்தணு" என்று ரிப்போர்ட்டில் படித்தால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் 96 என்பது இயல்புக்குள்தான் வருகிறது. இந்த எண்கள் எதுவும் சுவர் இல்லை. ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை அளந்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதத்தினர் எங்கே நின்றார்களோ அங்கே போட்ட கோடு அது. அதற்குக் கீழே இருந்தவர்களும் அப்பா ஆகியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகிறது. இரண்டு மாதம் முன்னால் வந்த டெங்குக் காய்ச்சலின் பாதிப்பு இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். எனவே குறைவாக வந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். புகையிலை, பீடி, சிகரெட், அதிகக் குடி, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, பாய்லர் பக்கமும் அடுப்பு முன்னாலும் மணிக்கணக்கில் நிற்கும் வேலை ஆகியவை எண்ணிக்கையையோ ஓட்டத்தையோ குறைக்கக்கூடியவை. விதைப்பையில் ரத்தக் குழாய் புடைத்துக்கொள்ளும் வெரிகோசீலுக்குத் தேவைப்பட்டால் ஆபரேஷன் உண்டு. இளைஞர்களுக்குக் குறிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியை அடியோடு நிறுத்திவிடும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தாலும் கதவு மூடிவிடவில்லை. உற்பத்தி நடந்து, வரும் வழியில் மட்டும் அடைப்பு இருக்கலாம். அப்படியானால் விதைப்பையில் இருந்தே ஊசியால் விந்தணுவை எடுத்துவிட முடியும்.

இந்த டெஸ்டுக்குப் போக ஆண்கள் ஏன் தயங்குகிறார்கள்? எண்ணிக்கை குறைந்தால் "ஆண்மை இல்லை" என்று ஆகிவிடும் என்ற பயம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. தாம்பத்யத்தில் எந்தக் குறையும் இல்லாத ஒருவருக்கு விந்தணு பூஜ்யமாக இருக்கலாம், வெளியே பார்த்து அதைச் சொல்லவே முடியாது. இதைப் புரியவைக்காமல் மகனைக் காப்பாற்றுவதாக நினைத்து மருமகளை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பெற்றோர், அந்த மகனுக்கே கெடுதல் செய்கிறார்கள்.

பெண்ணின் பக்கம்

பெண்ணிடம் பார்க்க வேண்டியவை மூன்று. முட்டை மாதாமாதம் வெளிவருகிறதா? கருக்குழாய் திறந்திருக்கிறதா? கர்ப்பப்பை கருவைத் தாங்குமா?

முட்டை வராமல் போவதற்கு முதல் காரணம் பி.சி.ஓ.எஸ். இதை "நீர்க்கட்டி" என்று சொல்லிச் சொல்லியே பெண்களைப் பயமுறுத்திவிட்டோம். அவை அறுத்து எடுக்க வேண்டிய கட்டிகள் இல்லை. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள்தான் ஸ்கேனில் அப்படித் தெரிகின்றன. எடை கூடுதலாக உள்ளவர்கள் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகி முட்டை வரத் தொடங்கும். 80 கிலோ இருப்பவர் 60-க்கு வர வேண்டியதில்லை, 75 ஆனாலே பலன் உண்டு. தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகளும் முட்டையைத் தடுக்கும். அவை மாத்திரையில் சரியாகும்.

கருக்குழாய் அடைபடுவதற்கு நம் நாட்டில் ஒரு பழைய எதிரி உண்டு: காசநோய். நுரையீரலில் எந்த அறிகுறியும் இல்லாமல் சத்தமின்றிக் கருக்குழாயைப் பாதிக்கும் காசநோய், இந்தியாவில் குழந்தையின்மைக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. குழாயைப் பார்க்கும் எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே மாதவிலக்கு நின்றவுடன், 6 முதல் 10-ம் நாளுக்குள் எடுக்கப்படும். வலி இருக்கும். முன்கூட்டியே வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், அது உங்கள் உரிமை. பயத்தில் குழாய் இறுகிக்கொண்டாலும் படத்தில் அடைப்பு மாதிரித் தெரியும் என்பதால், ஒரே எக்ஸ்ரேயை வைத்து "ரெண்டு குழாயும் போச்சு" என்று முடிவு கட்ட வேண்டாம்.

எண்டோமெட்ரியோசிஸ் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை. மாதவிலக்கின்போது வேலைக்குப் போக முடியாத அளவு வலித்தால் "எல்லாருக்கும் வலிக்கிறதுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த வலி பல பெண்களுக்கு இந்த நோயின் அறிகுறி. பதினாறு வயதில் கேட்டிருந்தால் முப்பது வயதில் இந்த அலைச்சல் குறைந்திருக்கும்.

ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு வார்த்தை. பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் முட்டைகளுடன் பிறக்கிறது. பூப்பெய்தும்போது அது மூன்று நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும், பிறகு புதிதாக எதுவும் உருவாகாது. மிச்சக் கையிருப்பு எவ்வளவு என்பதை ஏ.எம்.எச். தோராயமாகக் காட்டும். முட்டையின் தரத்தைக் காட்டாது. தரத்தைத் தீர்மானிப்பது வயது. 28 வயதில் ஏ.எம்.எச். குறைவாக உள்ளவர் இயற்கையாகவே கருத்தரிக்கலாம். 42 வயதில் எண் நன்றாக இருந்தும் நிற்காமல் போகலாம். இந்த ஒரு எண்ணைக் காட்டி "நாளைக்கே ஐ.வி.எஃப். பண்ணியாகணும்" என்று 28 வயதுப் பெண்ணிடம் சொன்னால், இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மாத்திரையில் இருந்து சோதனைக் குழாய் வரை

முட்டை வராததுதான் பிரச்சினை என்றால் மாத்திரையில் தொடங்குவார்கள். மாதவிலக்கான இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் இருந்து ஐந்து நாள் லெட்ரோசோல். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்குப் பழைய குளோமிஃபீனைவிட இது நல்ல பலன் தருகிறது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். முட்டைப் பை 18, 20 மில்லிமீட்டர் ஆனதும் ஒரு ஊசி, அதிலிருந்து 36 மணி நேரம் வாக்கில் முட்டை வெளிவரும்.

ஐ.யு.ஐ. என்பது விந்தைக் கழுவிச் சுத்தம் செய்து, நன்றாக ஓடும் அணுக்களை மட்டும் மெல்லிய குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் விடுவது. ஐந்து நிமிட வேலை, மயக்க மருந்து வேண்டாம். ஒரு முறைக்கு நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்குப் பலிக்கும். குறைந்தது ஒரு கருக்குழாயாவது திறந்திருக்க வேண்டும், விந்தணு ஓரளவாவது இருக்க வேண்டும். மூன்று நான்கு முறைக்கு மேல் இதையே திரும்பத் திரும்பச் செய்வதில் பெரிய பலன் இல்லை. இரண்டு குழாயும் அடைத்திருப்பவருக்கு ஐ.யு.ஐ. செய்வதில் அர்த்தமே இல்லை.

ஐ.வி.எஃப். அந்த அடைப்புக்காகத்தான் பிறந்தது. 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அவள் அம்மாவுக்குக் கருக்குழாய் அடைப்பு. சரியாகப் பத்து வாரம் கழித்து, அக்டோபர் 3-ல், கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியில் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை துர்கா பிறந்தாள். அவரை அரசுக் குழு நம்பவில்லை, வேறு வேலைக்கு மாற்றினார்கள். 1981-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளைப் பின்னாளில் படித்துப் பார்த்த விஞ்ஞானி டி.சி.ஆனந்தகுமார்தான், பெருமை முகோபாத்யாய்க்கே சேர வேண்டும் என்று 1997-ல் எடுத்துச் சொன்னார். கருவை உறையவைத்து வேறொரு மாதத்தில் கர்ப்பப்பையில் வைத்தது முகோபாத்யாய் செய்த வழி. இன்று நம் ஊர் மையங்களில் தினமும் நடப்பது அதுதான்.

செய்முறை இது. பத்து பன்னிரண்டு நாள் தினமும் வயிற்றில் ஊசி. ஒரு முட்டைக்குப் பதில் பல முட்டைகள் வளரும். லேசான மயக்கத்தில் ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் அவற்றை உறிஞ்சி எடுப்பார்கள். லேபில் விந்தணுவோடு சேர்ப்பார்கள். விந்தணு மிகக் குறைவாக இருந்தால் ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துவார்கள், அதன் பெயர் இக்ஸி. ஐந்தாம் நாள் வரை வளர்த்து, ஒரு கருவைக் கர்ப்பப்பையில் வைப்பார்கள், மிச்சத்தை உறையவைப்பார்கள்.

இந்த ஐந்து நாளில் என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மனம் உடையாது. 12 முட்டை எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதிர்ந்தவை 9 அல்லது 10 இருக்கும். கருவாவது 7. ஐந்தாம் நாள் வரை தாங்கி நிற்பது 3. அதிலும் எல்லாம் தங்காது. "பன்னிரண்டு எடுத்தாங்க, மூணுதான் இருக்காம்" என்று அழுகிறவர்களிடம் யாரும் இதை முன்னாலேயே சொல்வதில்லை. யாரும் தவறு செய்துவிடவில்லை, மனித முட்டையின் இயல்பே அவ்வளவுதான்.

பலன் எவ்வளவு? தன் சொந்த முட்டையில், 35 வயதுக்குக் கீழ் ஒரு கரு வைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குழந்தை பிறக்கும். 40 தாண்டினால் பத்தில் ஒருவர். 43-க்கு மேல் நூற்றில் ஐந்து பேர் அளவுதான். மையங்கள் "70 சதவீத வெற்றி" என்று போர்டு வைத்தால், எந்த வயதில், யாருடைய முட்டையில், சிறுநீர் பாசிட்டிவா குழந்தை பிறந்த கணக்கா என்று கேளுங்கள். ஒரு சுற்றுக்குத் தனியாரில் ஒன்றரை முதல் இரண்டரை லட்சம் ரூபாய், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகிறது. மூன்றில் இரண்டு பேர் முதல் கருவில் வெறுங்கையோடு வருவார்கள் என்பதை வைத்துத்தான் நகையை அடகு வைக்க வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும்.

கரு வைத்தபின் பதினைந்து நாள் படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். தேவையில்லை. மாடிப்படி ஏறியதால் கரு விழாது. நிற்காமல் போனால் அன்று துணி துவைத்தேனே, அழுதேனே என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: நீங்கள் செய்த எதனாலும் அது போகவில்லை. ஊசிகளுக்குப் பிறகு வயிறு உப்பி, மூச்சுத் திணறி, சிறுநீர் குறைந்தால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி அது.

திருக்கருகாவூர் நெய்யும் சஷ்டி விரதமும் யாருக்கும் கெடுதல் செய்யாது. காத்திருக்கும் நாட்களில் அவை தெம்பு தரும். பெயர் ஒட்டாத பொடியும் லேகியமும் வேறு விஷயம். அதை நம்பித் தைராய்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

பணம் கட்டும் முன்

2021-ல் வந்த கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மையமும் பதிவு செய்திருக்க வேண்டும். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என்று வயது வரம்பு உண்டு. முட்டை தானம் செய்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. இந்த வரம்புகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2022-ல் ஈரோட்டில் வெளிவந்த வழக்கு பதில் சொல்லும். 16 வயதுச் சிறுமியை, பொய்யான ஆதார் அட்டை காட்டி, பல முறை முட்டை எடுக்க வைத்திருந்தார்கள். தானமாக வரும் முட்டைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் உடம்பு இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்பது அவளுக்காகவும்தான். தானமுட்டை, தானவிந்து எதுவானாலும் இருவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பயன்படுத்த முடியாது. ஆங்கிலத்தில் இருக்கும் படிவத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். செலவுக்குத் தவிப்பவர்கள் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் தொடங்கப்பட்டிருக்கும் மையத்தில் முதலில் விசாரியுங்கள்.

எத்தனை முறை வரை போவது என்பதை முதல் ஊசிக்கு முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். தோற்ற மறுநாள் எடுக்கும் முடிவு கடனில்தான் கொண்டுபோய் விடும். தத்தெடுக்கும் எண்ணம் மனதில் இருந்தால் அதையும் கடைசிக்கு வைக்காதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்க, கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டினால் 85-க்கு மேல் போகக் கூடாது. காத்திருப்பும் ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். இடைத்தரகர் எவரிடமாவது பணம் கொடுத்துக் குழந்தை வாங்கினால் அது குற்றம், கொடுத்தவருக்கும் சிறை உண்டு.